திப்ருகரா, குவாஹாட்டியா

நவம்பர் 3, திங்கள்

லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. டிசம்பர் பத்து முதல் பதினெட்டு வரை, ஒன்பது நாள் ஈட்டிய விடுப்பு. ஆபீசர் கையெழுத்துப் போடும்போது, "எங்கம்மா, காசியா?" என்றார். நம்தாபா என்றேன். அது என்ன கோயில் என்று கேட்டார். அருணாசலப் பிரதேசத்தில் பர்மா எல்லையை ஒட்டிய தேசியப் பூங்கா என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். மின்வாரியத்தில் இருபத்தொன்பது வருடம் கரண்ட் பில் பார்த்த பெண், ஐம்பத்தோரு வயதில் விருதுநகரிலிருந்து குரங்கு பார்க்கப் போகிறேன் என்றால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

சாதாரணக் குரங்கு இல்லை, ஹூலாக் கிப்பன். வால் கிடையாது. விடிந்ததும் ஆணும் பெண்ணும் சேர்ந்து காடு முழுக்கக் கேட்கும்படி கூவும். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க் கரையில் பறவை எண்ணுகிற எங்கள் குழுவில் ஒருவர் அதைப் போனில் பதிவு செய்து வந்து போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து நேரில் கேட்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான். எந்த ஏர்போர்ட்டில் இறங்குவது? திப்ருகர், ஜோர்ஹாட், குவாஹாட்டி என்று மூன்று இருக்கிறது.

நவம்பர் 5, புதன்

அருணாசலத்துக்குள் நுழைய வாங்க வேண்டிய பெர்மிட்டுக்கு மனுப் போட்டேன். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

தம்பி ரத்தினவேலுவுடன் மதுரை. அவனுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். புதன்கிழமை அவன் மனைவி செல்வராணி கூடப் போவாள், சனிக்கிழமை நான். மெஷினோடு இணைத்துவிட்டால் நாலு மணி நேரம் நகர முடியாது. அவன் படுத்திருப்பான், நான் பக்கத்து ஸ்டூலில் இருப்பேன். முன்பெல்லாம் பேச ஒன்றும் இருக்காது. இப்போது ஏர்போர்ட் இருக்கிறது.

அவன் வத்தல் கமிஷன் கடைக்காரன். இருபது வருடமாக லாரிகளை ஊர் ஊராக அனுப்புகிறவன். நோட்டைப் பிரித்து வாசித்தேன். திப்ருகரில் இறங்கினால் பூங்கா வாசலான மியாவ் ஊருக்குக் காரில் ஐந்து மணி நேரம். ஜோர்ஹாட் என்றால் ஏறக்குறைய ஒரு பகல். குவாஹாட்டி என்றால் இரவு முழுக்க ரயில், அப்புறம் கார்.

"அப்புறம் என்னக்கா யோசனை? திப்ருகர்தான்."

"டிசம்பர்ல அங்க பனி மூடிக்குமாம். பிளைட் நிச்சயமில்ல. குவாஹாட்டி பெரிய ஏர்போர்ட்டு."

"பெரிய ஏர்போர்ட்டப் பாக்கவா போற? குரங்கு எங்க இருக்கோ அங்க பக்கமா எறங்கு."

நர்ஸ் வந்து பிரஷர் பார்த்துவிட்டு, "அக்கா தம்பி ரெண்டு பேரும் டூர் போறீங்களா?" என்றாள். அவன் தன் கையில் செருகியிருந்த டியூபைக் காட்டிச் சிரித்தான்.

இதையும் எழுதி வைக்கலாம். அவனுக்கு என் கிட்னி பொருந்துகிறது என்று அக்டோபரில் சொல்லிவிட்டார்கள். பொங்கல் கழித்து ஆபரேஷன். மற்றபடி அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 12, புதன்

கேன் தண்ணீரைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கப் போனேன். செல்வராணி அடுப்பை விட்டு ஓடிவந்தாள். "மதினி, அதத் தூக்காதீங்க. அனுவத் தூக்கச் சொல்லுதேன்." அனு என் தம்பி மகள், காலேஜில் படிக்கிறாள். பாவம், ஈர்க்குச்சி. தூக்க முடியாமல் பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டினாள்.

தினமும் ஒரு மாதுளம்பழம் உரித்துக் கிண்ணத்தில் வருகிறது. ராத்திரி பூரி கிடையாது. நான் இருமினால் வீடே திரும்பிப் பார்க்கிறது. முப்பது வருடமாக இதே வீட்டில்தான் இருமிக்கொண்டிருந்தேன். என் முதுகுப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன உறுப்புக்கு இப்படி ஒரு மரியாதை வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு திரிகிற ஆள் என்பதால் எனக்கும் கொஞ்சம் கிடைக்கிறது.

செல்வராணி குவாஹாட்டி கட்சி. "அங்கதான் பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இருக்காம் மதினி. உங்களுக்கு எதும்னா உடனே பாக்கலாம்ல." காட்டுக்குள்ளேயே போகாமல் ஏர்போர்ட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவளுக்கு இன்னும் நிம்மதியாக இருக்கும்.

நவம்பர் 15, சனி

நோட்டில் ஜோர்ஹாட்டை அடித்துவிட்டேன். கிளம்புகிற நாளில் அங்கே நேரடி விமானம் இல்லை. போகும் வழியெல்லாம் தேயிலைத் தோட்டமாம், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம்.

மூன்றாவது மணி நேரத்தில் ரத்தினவேலுவுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு கத்தினான். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்திச் சலைன் ஏற்றினார்கள். கையில் ஊசி போடுகிற இடம் ஒரு முறை அடைத்துப்போய்ச் சரிசெய்தது, மறுபடி மக்கர் பண்ணுகிறதாம். டாக்டர் என்னிடம், "ரொம்ப நாள் இழுக்காம முடிச்சிடறது நல்லதும்மா" என்றார். தலையாட்டினேன். தம்பியின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சில்லென்று இருந்தது.

திப்ருகர், குவாஹாட்டி. இரண்டுதான் பாக்கி.

நவம்பர் 16, ஞாயிறு

கண்மாயில் எண்ணியது: நாமக்கோழி எழுபத்திரண்டு, முக்குளிப்பான் பதினெட்டு. எண்ணும்போது மனசு நன்றாக இருக்கிறது.

நவம்பர் 22, சனி

ஆஸ்பத்திரியில் ஃபரீதா என்று ஒரு பெண். உறுப்பு தானம் சம்பந்தமான காகிதங்களைப் பார்த்துக்கொள்கிறவள். முப்பது வயதிருக்கும். என்னை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தானத்துக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டி. கொடுப்பவரும் வாங்குபவரும் நேரில் வர வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த கமிட்டி ஜனவரி கடைசியில்தான்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மேடம், இத எல்லார்கிட்டயும் சொல்லுவோம். உங்களுக்கு மனசு இல்லைன்னா, எப்ப வேணாலும் எனக்கு ஒரு போன் போடுங்க. ஆபரேஷனுக்கு முந்தின நாள்னாலும் சரி. வீட்ல யார்கிட்டயும் காரணம் சொல்ல மாட்டோம். டோனர் சரிவரலன்னு மட்டும் டாக்டர் சொல்லுவாரு. அதுக்கு மேல யாரும் கேக்க முடியாது."

"எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"தெரியும் மேடம். சும்மா சொல்லி வச்சேன்" என்று கார்டு கொடுத்தாள்.

வெளியே வந்தேன். செல்வராணி போன் பண்ணி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். தேதி சொன்னார்கள் என்றேன். அந்தக் கார்டை நோட்டில் குவாஹாட்டி என்று எழுதிய பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்டோபரில் முடிவு வந்த அன்று நடந்தது இதுதான். டாக்டர் "மேட்ச் ஆகுது" என்றார். செல்வராணி அங்கேயே என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அனு கட்டிப்பிடித்தாள். ரத்தினவேலு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் ஆபீசில் எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் எப்போது சரி என்று சொன்னேன் என்று பல நாள் யோசித்துவிட்டேன். சொன்ன ஞாபகம் இல்லை. ரத்த டெஸ்டுக்கு வாங்க என்றார்கள், போனேன். அவ்வளவுதான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் அது ஒரு பழக்கம். வேற்று ஆளிடம்தான் கேட்பார்கள், நன்றி சொல்வார்கள். சொந்த அக்காவிடம் என்ன கேட்பது? கேட்டால் பிரித்துப் பேசினதாக ஆகிவிடும். அப்பா இறந்தபோதும் அப்படித்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சித்தப்பா வாரிசு வேலைக்கான மனுவை நீட்டி, இங்க கையெழுத்துப் போடும்மா என்றார். ரத்தினவேலுவுக்கு அப்போது பதினேழு வயது. நான் பி.எட். சேர்ந்திருந்தேன். கையெழுத்துப் போட்டேன். வேலை பிடித்ததா என்று இன்றுவரை ஒருவரும் விசாரித்ததில்லை. மோசமில்லை, நல்ல வேலைதான். அது வேறு விஷயம்.

குவாஹாட்டியில் இறங்கினால் அங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றுகிறது. ஷில்லாங் இருக்கிறது. அதற்கு மேலும் இருக்கிறது. ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 29, சனி

டயாலிசிஸ். இன்று இழுக்கவில்லை.

"என்னக்கா, முடிவு பண்ணிட்டியா?"

"திப்ருகர்னே வச்சுக்கலாம்."

"நல்லது. போறதுக்கு மட்டும் போடு. ரிட்டர்ன் இப்பப் போடாத."

"ஏன்?"

"அப்புறமா போட்டா வெல கொறையும்."

டிசம்பரில் எந்த ஊரில் விலை குறையும்? வத்தலுக்குக் குறையுமோ என்னவோ, விமானத்துக்கு ஏறத்தான் செய்யும். வியாபாரி பேசுகிற பேச்சா இது? ஆனாலும் அதற்கு மேல் கேட்கவில்லை. போகும் டிக்கெட்டை மட்டும் அனு போட்டுக்கொடுத்தாள்.

டிசம்பர் 3, புதன்

செல்வராணிக்குத் தெரிந்துவிட்டது. நான் ஆபீசிலிருந்து வந்ததும், "ரிட்டர்னும் போட்டுருங்க மதினி, பத்தொன்பது கமிட்டி இருக்குல்லா" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். பதினேழாம் தேதி திப்ருகரிலிருந்து திரும்ப டிக்கெட் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் அடுப்படிக்குப் போனாள்.

கோபம் வந்தது. குடிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போனால், சிங்க் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள். "எனக்குச் சுகர் இல்லன்னா நானே குடுத்துருப்பேன் மதினி. ஒங்ககிட்ட வந்து நிக்க எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள். அவள் ஒருத்திதான் ஏறக்குறையக் கேட்டாள் என்று சொல்லலாம். நான் மாதுளம்பழத்தை எடுத்து ஆளுக்குப் பாதியாக்கினேன். சுகர்காரி, ஆனாலும் தின்றாள்.

டிசம்பர் 11, வியாழன். மியாவ்

நேற்று சென்னை, கொல்கத்தா. இன்று காலை திப்ருகர். மழையும் இல்லை பனியும் இல்லை, விமானம் ஒழுங்காக வந்தது. வழியெல்லாம் தேயிலை. இதற்காகவா ஜோர்ஹாட்டை நினைத்து வருத்தப்பட்டேன்? விடுதிக்காரருக்கு என் இந்தி புரியவில்லை, எனக்கும்தான். சோறும் கீரையும் நன்றாக இருக்கிறது. நாளை காட்டுக்குள் டேபான் வனவிடுதி. அங்கே போன் எடுக்காது என்கிறார்கள். வீட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 13, சனி. டேபான்

இன்னும் கேட்கவில்லை. காலில் அட்டைகள் இரண்டு கடித்தன. தொங்குபாலத்தைக் கம்பியை விடாமல் பிடித்தபடி கடந்தேன். இன்று சனிக்கிழமை, ஸ்டூலில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

டிசம்பர் 14, ஞாயிறு. டேபான்

கேட்டேன்.

ஆற்றுக்கு அந்தப்பக்கம், வெயில் மரத்தின் உச்சியைத் தொட்டபோது ஆரம்பித்தது. முதலில் ஒன்று மட்டும் தயங்கித் தயங்கி. உடனே இன்னொன்று. பிறகு எது எதனுடையது என்று பிரிக்க முடியவில்லை. கால் மணி நேரம் இருக்கும். வழிகாட்டி ஒரு கிளையைக் காட்டினான். கறுப்பு ஆண், பழுப்பு நிறத்தில் பெண். பெண் ஒரு கையால் தொங்கிக்கொண்டு கூவியது. நான் எண்ணுவதற்காகக் கொண்டுபோன நோட்டைத் திறக்கவே இல்லை.

நாலு நாளாக என் உடம்பை யாரும் விசாரிக்கவில்லை. மேடு ஏறினேன், வாளியில் வெந்நீர் தூக்கினேன். இது என் உடம்பு என்பது மறந்தே போயிருந்தது. பாறையில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்குப் பயம். கத்திக்குப் பயம். அப்புறம் எனக்கு ஒன்று என்றால் எனக்கு யார் கொடுப்பார்கள் என்ற பயம். தம்பி மேல் கோபம், ஜன்னலைப் பார்த்தானே என்று. அவன் செத்துவிடுவானோ என்ற பயம் இதையெல்லாம் விடப் பெரிது. இத்தனையும் சேர்ந்துதான் ஒன்றரை மாதமாக ஏர்போர்ட் பார்த்திருக்கிறேன்.

இப்படியே விட்டால் திரும்ப வேண்டாம் என்றுகூட இருக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய். திப்ருகர்

மியாவ் வந்ததும் போனில் முப்பத்தேழு மெசேஜ். முப்பத்தாறு செல்வராணி. ரத்தினவேலு ஒன்றே ஒன்று: "குரங்கு கத்துச்சா?"

டிசம்பர் 17, புதன். திப்ருகர், பிறகு ரயில்

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு இல்லை. அவ்வளவு பனி. ஏர்போர்ட்டில் பதினொரு மணிவரை உட்காரவைத்துப் பிறகு விமானம் ரத்து என்றார்கள். நாளைய விமானம் நிரம்பிவிட்டது, பத்தொன்பதாம் தேதிதான் இடமாம். கவுன்டர் பெண் மிகுந்த மரியாதையோடு, பனிமூட்டம் காரணமாக ரத்து என்று முத்திரை வைத்த கடிதமே கொடுத்தாள்.

அதை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குறையும் இல்லாத காரணம். நான் பொய் சொல்ல வேண்டாம். ஃபரீதாவும் யாருக்காகவும் மூடி மறைக்க வேண்டாம். கமிட்டி ஜனவரி கடைசிக்குப் போகும். அதற்குள் என்னென்னவோ ஆகலாம். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். இன்று புதன் என்பது அப்புறம்தான் உறைத்தது. தம்பி மெஷினோடு படுத்திருப்பான்.

போன் செய்தேன். அவனே எடுத்தான், செல்வராணி கேன்டீனுக்குப் போயிருக்கிறாளாம்.

"பனிடா. பிளைட் இல்ல. பத்தொன்பதுதான் சீட்டுங்கறாங்க."

"சரிக்கா. பனிக்கு யாரு என்ன செய்ய முடியும்? ரூம் போட்டு இருந்துட்டு மெதுவா வா."

"கமிட்டி?"

"நான் சொல்லிக்கிடுதேன். செல்வராணிட்டயும் நானே சொல்லுதேன். நீ அத நெனைக்காத."

அவன் குரலில் ஏமாற்றம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மெஷின் சத்தம் பின்னால் கேட்டது. அக்டோபரிலிருந்து அடக்கி வைத்தது அப்போது வாயில் வந்துவிட்டது.

"ஏண்டா, நீ என்னைய ஒரு தடவகூடக் கேக்கல?"

எதை என்று அவன் கேட்கவில்லை.

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவியாக்கா? வேலைக்குப் போன்னாங்க, போன. என்னையப் படிக்க வைன்னாங்க, வச்ச. இதுல நானும் வாயத் தொறந்து கேட்டேன்னா உனக்கு வழியே இல்லாமப் போயிரும். அதான் கேக்கல. காட்டுக்குப் போறேன்ன. போகட்டும், யாரு தொந்தரவும் இல்லாம இருந்து யோசிக்கட்டும்னுதான் ரிட்டர்ன் போடாதன்னேன். இவதான் போட வச்சிட்டா."

அழுதேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அசாமியப் பெண்மணி, விமானம் ரத்தானதற்கு அழுகிறேன் என்று நினைத்து பிஸ்கட் கொடுத்தாள்.

"இப்பக் கேளு" என்றேன்.

"வேண்டாங்கா."

"கேளுடா. மாட்டேன்னு சொல்ல எனக்கும் தெரியும். கேட்டுப் பாரு."

மெஷின் இரண்டு முறை பீப் அடித்து ஓய்ந்தது. அவன் தொண்டையைச் செருமினான். "யக்கா. உன் கிட்னில ஒண்ண எனக்குத் தருவியா?"

கேட்டுவிட்டான். எனக்கு ஐம்பத்தோரு வயது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போனை வைத்தேன்.

பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு கவுன்டருக்குப் போய், பத்தொன்பதாம் தேதி டிக்கெட் வேண்டாம், குவாஹாட்டியிலிருந்து நாளை மதியம் சென்னைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று இருந்தது. டாக்ஸிக்காரரிடம் ரயில்வே ஸ்டேஷன் என்றேன். சாயங்கால ரயிலில் அவசர ஒதுக்கீட்டில் ஒரு மேல் பெர்த் கிடைத்தது. ஏணியில் ஏறும்போது யாரும் பதறவில்லை. நாளை சென்னையில் இறங்கி இரவு ரயில் பிடித்தால் பத்தொன்பது விடியக்காலை மதுரை.

பயம் போகவில்லை. இருக்கட்டும், கூட வரட்டும். அவன் கேட்ட கேள்வியை உடனே தீர்த்துவிட மனசில்லை, ஒரு ராத்திரியாவது கையில் வைத்திருக்க வேண்டும் போல இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு மதுரை ஸ்டேஷனுக்குக் கார் அனுப்பச் சொல்லி மட்டும் அவனுக்கு மெசேஜ் போட்டேன்.

"பனின்ன, எப்படிக்கா வர்ற?" என்று கேட்டிருக்கிறான்.

குவாஹாட்டி வழியாக என்று பதில் போட்டேன்.